நீரை விழையும் நுண்பொருள்கள்

பௌர்ணமி இரவில் அருணாசலத்தை வலம்வரப் புறப்படும் ஓர் அடியார், பகல் முழுவதும் உபவாசமிருந்து, மாலையில் நீராடி, இராஜகோபுரத்தின் முன்னே கற்பூரம் ஏற்றி வணங்கிவிட்டு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு நடந்து முடிக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள், அவருடைய இரத்தத்தில் நிகழும் மாறுதல்கள் தனியொரு நூலாக விரித்து எழுதத்தக்கவை. கல்லீரல் தன்னிடம் சேர்த்துவைத்திருந்த சர்க்கரையை மெல்ல மெல்ல விடுவிக்கிறது. அது குறையக் குறைய, தசைகள் அலனின் என்னும் அமினோ அமிலத்தை இரத்தத்தில் இட, கல்லீரல் அதனை வாங்கி மீண்டும் குளுக்கோஸாக மாற்றிக் கொடுக்கிறது. விரைந்து நடக்கும் வேளையில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. உபவாசம் நீளும்போது கொழுப்பு கரைந்து கொழுப்பமிலங்களாகவும், அவற்றிலிருந்து ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலமாகவும் உருமாறி மூளைக்கும் இதயத்துக்கும் ஆகாரமாகிறது. சரீரத்தின் நிலை மணிக்கு மணி மாறுவதை விரைவாகத் தெரிவிக்கும் சாட்சிகள் இவை.

இவற்றுள் கொழுப்பமிலம் ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் நீரை விழையும் பதார்த்தங்கள். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் வார்க்கப்படும் நெய், நீரோடு எவ்வளவு கலக்கினும் கலவாமல் பிரிந்து மிதக்கும். ஏனெனில் அதன் நெடிய கார்பன் சங்கிலிகளில் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. சர்க்கரையிலும் அமினோ அமிலத்திலும் லாக்டிக் அமிலத்திலுமோ, ஆக்சிஜன் அணுவும் நைட்ரஜன் அணுவும் எலெக்ட்ரான்களைத் தம்பால் இழுத்துக்கொள்வதால், மூலக்கூறின் ஒரு புறம் நேர்மின் சாயலும் மறுபுறம் எதிர்மின் சாயலும் உண்டாகின்றன. இவ்வாறு முனைவு பெற்ற பொருளை, தானும் முனைவுடையதாகிய நீர், நாலாபுறமும் சூழ்ந்து தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. உயிர் நீரில் தோன்றி நீரில் நடைபெறுவது. ஆகையால் அதன் அன்றாட வரவுசெலவுகளில் பெரும்பகுதி இந்த முனைவுள்ள சிறு மூலக்கூறுகளைக் கொண்டே நடைபெறுவதில் வியப்பில்லை. வியப்பு என்னவெனில், இரத்தத்தைப் பகுத்தறியும் நவீன ஆய்வுக்கூடங்களில் மிகப் பரவலாக வழங்கும் பிரிப்பு முறை, மிக முக்கியமான இப்பொருள்களைத்தான் கைநழுவ விட்டுவிடுகிறது என்பதே. அந்தக் குறையையும், அதனைத் தீர்க்க அறிஞர்கள் படிப்படியாகக் கண்ட உபாயங்களையும் இந்த அத்தியாயம் எடுத்துரைக்கும்.

இரத்தத்தைச் சென்ட்ரிபியூஜில் இட்டுச் சுழற்றினால் அணுக்கள் அடியில் படிய, மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் திரவமே பிளாஸ்மா. அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. சோடியம் அயனி லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கிறது. குளுக்கோஸ் சுமார் 5 மில்லிமோல். அமினோ அமிலங்களுள் மிகுதியான குளூட்டமின் அரை மில்லிமோலை ஒட்டியது. லியூசினோ உப்பின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. வேறு பல பொருள்கள் அதிலும் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு. புரதமும் உப்பும் நிறைந்த இக்கலவையிலிருந்து இத்தனை நுண்ணிய அளவினவற்றைத் தனித்தனியே பிரித்து நிறுத்தினாலன்றி அளவிட முடியாது. அப்படிப் பிரித்து நிறுத்தும் கலைக்கு வண்ணப்பிரிகை என்று பெயர்.

இதன் தத்துவத்தை விளக்குவதற்குத் திருவண்ணாமலையில் கிரிவலத்தைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் வேறு கிடைக்காது. இராஜகோபுர வாசலில் ஒரே கணத்தில் ஆயிரம் பேர் புறப்படுகிறார்கள் என்று கொள்வோம். வழிநெடுக இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் ஈறாக எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று, தரிசித்து, திருநீறு பெற்றுச் செல்பவர் பின்தங்குவார். குபேர லிங்கத்தில் மட்டும் நெடுநேரம் நிற்பவர் சற்று முன்னதாக வந்துசேர்வார். எங்கும் நில்லாமல் நடப்பவர் எல்லாருக்கும் முன்னே வந்துவிடுவார். நடைவேகம் எல்லாருக்கும் ஒன்றேயாயினும், நிற்கும் நேரம் வேறுபடுவதால், புறப்பட்டபோது ஒன்றாயிருந்த கூட்டம் வந்துசேரும்போது வகைவகையாகப் பிரிந்து வரும். இங்கே கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு: எங்கும் நில்லாதவர்கள் அனைவரும் சேர்ந்தே வருவார்கள். அவர்களுள் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய அந்தப் பாதை எவ்வகையிலும் உதவாது.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாதை ஓர் எஃகுக் குழல். 15 சென்டிமீட்டர் நீளமும் 2.1 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட அக்குழலுக்குள் சிலிக்காவின் நுண்மணிகள் இறுக அடைக்கப்பட்டிருக்கும். மணி ஒன்றின் விட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அவற்றினூடே ஒரு திரவத்தைப் பலநூறு வளிமண்டல அழுத்தத்தில் பம்ப் இடைவிடாது செலுத்துகிறது. பெரும்பாலான குழல்களில் அந்த மணிகளின் மேற்பரப்பில் 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருக்கும். இவற்றைச் சி-18 குழல்கள் என்பார்கள். நெய்யின் சுபாவம் கொண்ட அந்தச் சங்கிலிகள், நெய்யின் சுபாவம் கொண்ட பொருள்களைப் பற்றி நிறுத்துகின்றன. மாத்திரைகளாக நாம் உட்கொள்ளும் மருந்துகளிற் பெரும்பாலானவையும், கொழுப்புகளும், பல விட்டமின்களும் இக்குழலில் அழகாகப் பிரிந்து வருகின்றன. மருந்துத் தொழிலும் சி-18 குழலும் சேர்ந்தே வளர்ந்தன என்று சொல்வது மிகையன்று. ஆனால் நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் திரவம் ஓடும் இக்குழலில், எதனாலும் பற்றப்படாத பொருள் ஒரு நிமிடம் கடந்த சற்றைக்கெல்லாம் மறுமுனையில் வந்துவிடும். குளுக்கோஸ், லாக்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம், கிரியாட்டினின், அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை ஆகிய யாவும், பிளாஸ்மாவின் உப்பு முழுவதோடும் கூடி, அந்த ஒரு நிமிடத்தில் ஒரே திரளாக வந்து விழுகின்றன.

இந்நிலை எப்போதும் இருந்ததன்று. சரித்திரத்தைத் திரும்பிப் பார்த்தால், இக்கலை நீரை விழையும் பொருள்களைக் கொண்டே முதிர்ச்சி பெற்றது என்பது புலனாகும். 1903-ஆம் ஆண்டில் வார்சாவில் மிகயில் சுவெட் என்னும் ருஷ்யத் தாவரவியலார் இலைகளின் நிறப்பொருள்களைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழலில் பிரித்துக் காட்டியது முதற்படி. அம்முறையை, 1941-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்டு சிங்கும் புதிய வழியில் வளர்த்தார்கள். கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிப்பதே அவர்களுடைய நோக்கம். அதற்காகச் சிலிக்காவில் நீரை ஏற்றி நிலைக்கச் செய்து, அதன்மேல் குளோரோஃபாரத்தை ஓடவிட்டார்கள். மூன்றாண்டுகளில் மார்ட்டினும் அவருடைய தோழர்களும் சிலிக்காவுக்குப் பதிலாகச் சாதாரண வடிதாளையே பயன்படுத்தலாம் என்று காட்டினர். 1952-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு மார்ட்டினுக்கும் சிங்குக்கும் கிடைத்தது.

அதே காலத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், கே. வி. கிரி என்னும் பேராசிரியர் இந்தத் தாள்முறையை எடுத்துக்கொண்டு, அதனை நம் நாட்டு ஆய்வுக்கூடங்களின் வசதிக்கேற்ப வளர்த்தார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. வட்டமாக வெட்டிய வடிதாளின் நடுவே கலவையை இட்டு, மையத்தின் வழியே கரைப்பானை ஊறவிட, அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளையங்களாக விரிந்து நிற்கும். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடேற்றினால் அவ்வளையங்கள் ஊதா நிறத்திலும், புரோலின் மட்டும் மஞ்சள் நிறத்திலும் வெளிப்படும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் பொருளின் அளவும் தெரியும். விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் வேண்டாத இம்முறையைப் பற்றி 1950-களின் தொடக்கத்தில் கிரியும் அவருடைய மாணாக்கர்களும் உலகத்தின் தலைசிறந்த இதழ்களில் எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான ஏ. என். ராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, குடலில் புரதத் துணுக்குகளைச் சிதைத்து அமினோ அமிலங்களாக்கும் நொதிகளை ஆராய்ந்தார். வேலூர் அந்நாளில் திருவண்ணாமலையையும் உள்ளடக்கிய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1989-இல்தான் இம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. பி. கே. பச்சாவத் என்னும் மற்றோர் உயிர்வேதியியல் அறிஞரும் அதே கல்லூரியில் நரம்பு ரசாயன ஆய்வுக்கூடத்தை நடத்தி, நொதிக் குறைவினால் மூளையைத் தாக்கும் பிறவி நோய்களைப் பற்றிய சிறந்த ஆராய்ச்சிகளில் பங்குகொண்டார். ஆகவே, இந்த வட்டாரத்துக்கு இவ்விஷயம் புதியதன்று என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

தாளின் செல்லுலோஸ் இழைகள் நீரைப் பற்றிவைத்திருக்கின்றன. அந்த நீரின்மேல் பிரியம் அதிகமுள்ள அமினோ அமிலம் தாமதித்து நிற்கிறது. இதுவே தாள்முறையின் இரகசியம். பின்னர் ராக்பெல்லர் நிலையத்தின் ஸ்டைனும் மூரும், அயனிகளைப் பற்றும் ரெசின்களைக் கொண்டு, 1958-இல் ஸ்பாக்மனோடு சேர்ந்து தானே இயங்கும் அமினோ அமில யந்திரத்தைச் சமைத்தார்கள். அது மிகத் துல்லியமானது. எனினும் ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டியிருந்தது. 1970-களில் சி-18 வந்தது. அதன் வேகமும் உறுதியும் ஆய்வாளர்களைக் கவர்ந்தமையால், நீரை நிலைநிறுத்தும் பழைய வழி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சி-18 குழலை வைத்துக்கொண்டே முனைவுள்ள பொருள்களைப் பிடிக்கப் பற்பல பிரயாசைகள் நடந்தன. ஓடும் திரவத்தை முழுவதும் நீராகவே வைத்துப் பார்த்தார்கள். அப்போது சி-18 சங்கிலிகள் நீரை வெறுத்து மணிகளின் துளைகளிலிருந்து அதனை வெளியேற்றிவிட, இருந்த பிடிப்பும் போயிற்று. எதிர்மின்னேற்றமுள்ள பொருளோடு நெய்ச்சுபாவமுள்ள ஓர் அமீனைத் துணை சேர்த்து அனுப்பினால் இரண்டும் இணைந்து குழலில் நிற்கும் என்று கண்டு அதனையும் செய்தார்கள். அது நன்கு பயன்படவே செய்கிறது, ஆயினும் அந்த அமீன் குழாய்களிலும் கருவியின் உட்புறத்திலும் படிந்து, வாரக்கணக்கில் கழுவினாலும் நீங்காமல், அடுத்த ஆய்வுகளையெல்லாம் கெடுத்துவிடுகிறது. அமினோ அமிலத்தின் நைட்ரஜனோடு ஒரு பெரிய கரிமத் தொகுதியை ஒட்டவைத்து, அதன் சுபாவத்தையே மாற்றி அனுப்புவது மூன்றாவது உபாயம். அமினோ அமிலம் மட்டுமே வேண்டுமாயின் இன்றும் இதுவே நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். சர்க்கரையும் கரிம அமிலமும் சேர்த்து அறிய வேண்டுமாயின் இது போதாது.

1990-இல் ஆண்ட்ரூ ஆல்பர்ட் என்னும் அமெரிக்க ரசாயனியார் வெளியிட்ட கட்டுரை, பழைய வழியைப் புதிய குழலில் மீட்டுத் தந்தது. ஹிலிக் என்று சுருக்கமாக வழங்கும் அம்முறையில், குழலின் மணிகள் சங்கிலி பூட்டாத சிலிக்காவாகவோ, அமைடு தொகுதிகளை ஏந்தியனவாகவோ, நேர்மின்னும் எதிர்மின்னும் ஒருங்கே கொண்ட இருமுனைத் தொகுதிகளை ஏந்தியனவாகவோ இருக்கும். ஓடும் திரவத்தில் பெரும்பங்கு அசிட்டோநைட்ரைல்; நீர் நூற்றுக்கு ஐந்து முதல் நாற்பது வரை. அந்தச் சிறிதளவு நீரும் அசிட்டோநைட்ரைலை விட்டு விலகி, மணிகளின் மேற்பரப்பை நாடி, ஒரு மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்துகொள்கிறது. குளுக்கோஸும் குளூட்டமினும் சிட்ரிக் அமிலமும் அப்படலத்தைக் கண்டதும் அதில் புகுந்து தாமதிக்கின்றன. நெய்ச்சுபாவமுள்ளவையோ நில்லாமல் முதலிலேயே வெளியேறுகின்றன. பின்னர் நீரின் விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தினால், நின்றவை ஒவ்வொன்றாக விடைபெற்று வருகின்றன. சி-18 குழலின் வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

ஆனால் குழலை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர் ஏமாற்றமடைவார். ஹிலிக் நுண்ணிய சுபாவமுள்ள முறை. அதன் குணமறிந்து ஒவ்வொரு படியையும் திருத்தியமைத்தவர்களுக்கே அது பயன் தருகிறது. மாதிரி எந்தத் திரவத்தில் கரைந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி. பிளாஸ்மா பெரும்பாலும் நீர். அதனை அப்படியே உட்செலுத்தினால், அந்த நீர் படலத்தைக் குலைத்து, பொருள்களைத் தன்னோடு அடித்துக்கொண்டு போய்விட, பொருள் ஒவ்வொன்றும் வெளிவரும்போது கருவி வரையும் கோட்டில் எழும் சிகரங்கள் அகன்றும் பிளந்தும் உருவற்றுப் போகின்றன. அதிர்ஷ்டவசமாக, புரதத்தை நீக்குவதற்கு எப்படியும் ஒரு பங்கு பிளாஸ்மாவோடு மூன்று அல்லது நான்கு பங்கு குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் சேர்க்க வேண்டியிருக்கிறது. புரதம் வெண்மையாகத் திரண்டு அடியில் படிய, மேல்திரவத்தை அப்படியே எடுத்து, ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் மட்டும் செலுத்தினால், இருவேலைகளும் ஒன்றாக முடிகின்றன. மெத்தனாலைக் கொண்டு புரதம் நீக்குவோரும் உண்டு. அதில் சில பொருள்கள் இன்னும் நன்றாகக் கரைந்து வருகின்றன என்பது உண்மையே. ஆனால் மெத்தனால் நீரைப்போலவே ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்படுத்திப் படலத்தோடு போட்டியிடுவதால், அந்தச் சாற்றை நேராகச் செலுத்துவது நன்றன்று. உலர்த்தி, அசிட்டோநைட்ரைல் மிகுந்த கலவையில் மீண்டும் கரைக்க வேண்டும்.

அடுத்தது உப்பும் அமிலத்தன்மையும். திரவத்தில் 10 மில்லிமோல் அளவில் அம்மோனியம் ஃபார்மேட்டோ அசிட்டேட்டோ சேர்ப்பது வழக்கம். இவை ஆவியாகிவிடும் தன்மையுள்ளவை ஆதலால் குழலை அடுத்து எடையறிய வைத்திருக்கும் கருவியை அடைப்பதில்லை. பாஸ்பேட் உப்போ அசிட்டோநைட்ரைலில் கரையாமல் படிந்துவிடும். அமினோ அமிலங்களுக்கு அமிலத்தன்மையுள்ள திரவம் ஏற்றது. சிட்ரிக், மாலிக் போன்ற கரிம அமிலங்களுக்கும் பாஸ்பேட் ஏந்திய சர்க்கரைகளுக்கும் பி.எச். ஒன்பதை ஒட்டிய காரத்தன்மை ஏற்றது. ஆனால் அந்தக் காரத்தில் சிலிக்கா மெல்லக் கரைந்துபோகும் ஆகையால், பாலிமர் மணிகளால் ஆன இருமுனைக் குழல் வேண்டும். ஒரே குழலில் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை ஆய்வாளருக்கு இயல்பே. ஆயினும், இரண்டு குழல்களை இரண்டு விதமான திரவத்தோடு வைத்துக்கொண்டு, மாதிரியை இருமுறை செலுத்துவதே நேர்மையான வழி என்று கருதுகிறேன். இங்கே இன்னொரு சூட்சுமம்: நீரில் அளந்த பி.எச். மதிப்பு, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அசிட்டோநைட்ரைல் சேர்ந்த பின் அப்படியே இருப்பதில்லை. ஃபார்மேட், அசிட்டேட் போன்றவற்றில் அது ஓர் அலகுக்கு மேலும் உயர்ந்துவிடும். இதைக் கணக்கில் கொள்ளாமல் பிறர் எழுதிய முறையைப் பின்பற்றினால் அதே விளைவு வருவதில்லை.

எஃகும் வினை செய்கிறது. சிட்ரிக் அமிலமும், பாஸ்பேட் தொகுதிகளை ஏந்திய ஏ.டி.பி. போன்றவையும், குழலின் உட்சுவரிலும் வடிகட்டியிலும் உள்ள இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு, சிகரத்துக்குப் பின்னே நீண்ட வாலாகத் தேய்ந்து, சில வேளைகளில் காணாமலே போய்விடுகின்றன. பல ஆண்டுகள் இதனைக் கருவியின் உணர்திறன் குறைவு என்றே எண்ணிவந்தார்கள். திரவத்தில் மிகச் சிறிதளவு மெட்ரோனிக் அமிலத்தைச் சேர்த்தால், அது முந்திச் சென்று இரும்பைப் பற்றிக்கொள்ள, சிட்ரிக் அமிலம் தடையின்றி வெளிவருகிறது. அல்லது உட்சுவரைப் பீக் என்னும் பிளாஸ்டிக்காலோ வேறு செயலற்ற பூச்சாலோ மறைத்த குழல்களை வாங்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் நீர்ப்படலம் பழைய நிலைக்குத் திரும்ப, குழலின் கொள்ளளவைப்போல் 20 மடங்கு திரவமேனும் ஓட வேண்டும். அவசரப்பட்டு அடுத்த மாதிரியைச் செலுத்தினால், பொருள்கள் வரும் நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறிக்கொண்டே போகும். ஹிலிக் நம்பத்தகாதது என்ற அவப்பெயரில் பெரும்பகுதி இந்த அவசரத்தினால் வந்ததே.

இத்தனையும் செய்தும், இரத்தம் எடுத்த கையோடு செய்யத் தவறியதைக் குழல் மீட்டுத்தர இயலாது. சோதனைக் குழாய்க்குள் வந்த பின்னும் இரத்த அணுக்கள் உயிரோடிருக்கின்றன. அவை குளுக்கோஸை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குளுக்கோஸ் இவ்விதம் குறைகிறது. பாறை சூடேறிக் கிடக்கும் திருவண்ணாமலையின் சித்திரை, வைகாசி மாதங்களில் இன்னும் விரைவாகக் குறையும். சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள ஆர்ஜினேஸ் என்னும் நொதி வெளிப்பட்டு, ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றிவிடுகிறது. குளூட்டமினும் நிற்க நிற்கக் குளூட்டமிக் அமிலமாகிறது. இங்கிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். சென்னை அதனினும் இரு மடங்குக்கு மேல். இரத்தத்தை அப்படியே பேருந்தில் அனுப்பினால், போய்ச் சேர்வது நோயாளியின் இரத்தமன்று, வழியில் அணுக்கள் சமைத்த வேறொன்று. எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைப்பதும், அரைமணிக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிப்பதும், உடனே உறையவைப்பதும் எத்தனையோ லட்சம் விலைபெறும் யந்திரத்தைவிட அதிகமாக முடிவின் தரத்தை நிர்ணயிக்கின்றன. தாலுகா ஆஸ்பத்திரியில் பணிபுரியும் ஆய்வக உதவியாளர் இவ்வகையில் ஆராய்ச்சியின் முதல் கூட்டாளி. அவருக்கு உரிய பயிற்சியும் மரியாதையும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை.

குழலிலிருந்து வெளிவருபவற்றை இன்று எடையறிந்து காண்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஜான் ஃபென் வகுத்து 2002-இல் நோபல் பரிசு பெற்ற மின்தெளிப்பு முறையால், திரவத்தின் துளிகள் மின்னேற்றத்தோடு சிதறி ஆவியாக, மூலக்கூறுகள் அயனிகளாகி யந்திரத்துள் நுழைகின்றன. அதன் கூர்மையைக் கண்டு, இனிப் பிரிப்புக் குழலே தேவையில்லை, எடையே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று கருதுவாரும் இருக்கிறார்கள். இரண்டு காரணங்களால் அது பொருந்தாது. உப்பும் பாஸ்போலிப்பிடும் உடன் வந்து துளியில் இடம்பிடித்தால், நமக்கு வேண்டிய பொருளின் சமிக்ஞை அடங்கிவிடுகிறது. கார்பன்-13 அணுக்களால் ஆன அதே பொருளை அறிந்த அளவில் முன்கூட்டியே கலந்துவைத்தால், அதுவும் உடன்வந்து அதே அளவு அடங்குவதால், விகிதத்தைக் கொண்டு உண்மை அளவை மீட்கலாம். இரண்டாவது காரணத்துக்கு அவ்வித மாற்று இல்லை. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே அணுக்களால் ஆனவை, ஒரே எடையுள்ளவை. எத்தனை நுட்பமான தராசும் அவற்றை வேறுபடுத்தாது.

இதன் முக்கியத்துவம் ஒரு சிசுவின் உயிரை முன்வைத்துப் பார்க்கும்போது பிரத்தியட்சமாகும். லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்று கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் நோய் ஒன்றை 1954-இல் மென்கீஸும் அவருடைய தோழர்களும் விவரித்தார்கள். பிறந்தபோது நன்றாயிருக்கும் குழந்தை, முதல் வாரத்திலேயே பால் குடிக்க மறுத்து, சோர்ந்து, மூளை வீங்கி மயங்கிவிடும்; சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரைப்பாகின் மணம் வீசும். அந்த மணத்துக்குக் காரணமான சோட்டோலோன் என்னும் பொருளே வெந்தயத்தின் மணத்துக்கும் காரணம். பிள்ளை பெற்ற தாய்க்கு வெந்தயம் கொடுப்பது நம் வழக்கம்; தாய் உண்ட வெந்தயத்தினாலேயே நல்ல ஆரோக்கியமுள்ள சிசுவின் மேனியில் இம்மணம் தோன்றி, மருத்துவரை மயக்கிய சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. மணத்தை நம்ப முடியாது. எடையை மட்டும் பார்த்தால், லியூசின், ஐசோலியூசின் என்பவற்றோடு, அலோஐசோலியூசினும், முழு எண்ணளவில் அதே 131 எடையுள்ள ஹைட்ராக்சிபுரோலினும் ஒன்றாகக் கூடித் தெரியும்; ஹைட்ராக்சிபுரோலின் மட்டும் மிகுந்த குழந்தைக்கு எவ்வித சிகிச்சையும் தேவையில்லை. இந்நோயில் மட்டுமே மிகுகின்ற அலோஐசோலியூசின், லிட்டருக்கு 5 மைக்ரோமோலைத் தாண்டினால் நோய் நிச்சயம். அந்த 5 மைக்ரோமோலை, அதனைப்போல் பன்மடங்காக நிற்கும் லியூசினின் அருகிலிருந்து தனியே பிரித்துக் காட்டுவது குழலின் வேலை, குழல் ஒன்றின் வேலை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் தோன்றும் நோய் இது. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் நீடிக்கும் தமிழ்நாட்டில், இத்தகைய நோய்களை அரியவை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

அரியதல்லாத நோய் ஒன்றும் இதே அமினோ அமிலங்களோடு தொடர்புடையது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்று மதிப்பிடப்பட்டது. 2011-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தாரின் பழைய பிளாஸ்மாவை ஆராய்ந்தவர்கள், ஐசோலியூசின், லியூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் என்னும் ஐந்தும், நீரிழிவு வெளிப்படுவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே சற்று உயர்ந்து நின்றதைக் கண்டார்கள். லண்டனில் வாழும் தெற்காசியர்களையும் ஐரோப்பியர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2015-இல், டைரோசின் தெற்காசியரிடத்தே இன்னும் வலுவான முன்னறிகுறியாயிருப்பதைத் தெரிவித்தது. உயர்வு சிறியது, ஆய்வுக்கூடத்தின் பிழை அதைவிடச் சிறியதாயிருந்தாலன்றி அது கண்ணுக்குப் புலப்படாது. பலருடைய பிளாஸ்மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்த பொது மாதிரியொன்றைப் பத்து ஓட்டங்களுக்கு ஒருமுறை செலுத்தி, அதன் அளவு மாறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே செல்வதன் அவசியம் இங்கேதான் விளங்கும்.

பனிக்கட்டியும் உறைபெட்டியும் எட்டாத கிராமங்களுக்கு 1960-களில் ராபர்ட் கத்ரி பரப்பிய வழி ஒன்றிருக்கிறது: சிசுவின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளியைத் தடித்த வடிதாளில் ஊறவிட்டு, உலர்த்தி, உறையிலிட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம். உலர்ந்ததும் நொதிகளின் வேலை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதிலிருந்து 3.2 மில்லிமீட்டர் வட்டத்தைத் துளைத்தெடுத்து, மெத்தனாலில் ஊறவைத்து, உலர்த்தி, அசிட்டோநைட்ரைலில் கரைத்து, ஹிலிக் குழலில் செலுத்தலாம். ஜவ்வாது மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் இது இயலும். ஆனால் தாளில் துளி எவ்வளவு பரவும் என்பது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது. இரத்தசோகை உள்ளவரின் இரத்தம் நீர்த்திருப்பதால் மேலும் பரவி, அதே வட்டத்துக்குள் குறைந்த அளவே அடங்கும். இரத்தசோகை மிகுந்த நம் பெண்களிடமும் குழந்தைகளிடமும் இந்தப் பிழை சிறிதன்று. வட்டத்தைத் துளைக்காமல், அளந்த கன அளவு இரத்தத்தை நுண்குழாயால் தாளில் இட்டு, அந்தத் துளி முழுவதையும் எடுத்துக் கரைப்பது ஒரு பரிகாரம். அதே துண்டிலிருந்து, சிவப்பணுக்களோடு சேர்ந்து ஏறி இறங்கும் பொட்டாசியத்தையும் அளந்து, அதைக் கொண்டு மற்றவற்றின் கணக்கைத் திருத்துவது இன்னொரு பரிகாரம்.